எதிரணியின் பங்கு

சர்வதேச ரக்பியில் வலிமை கைமாறுவதைக் கோப்பைகளை வைத்தே அளப்பது வழக்கம். 1987 முதல் 2023 வரை நடந்த 10 உலகக் கோப்பைகளில் தென்னாப்பிரிக்கா நான்கு, நியூசிலாந்து மூன்று, ஆஸ்திரேலியா இரண்டு, இங்கிலாந்து ஒன்று. 111 ஆண்டுகளாக நியூசிலாந்தை வெல்லாத அயர்லாந்து 2016இல் சிகாகோவில் வென்றது. 2022இல் நியூசிலாந்து மண்ணிலேயே தொடரைக் கைப்பற்றியது. இவையெல்லாம் வசதியுள்ள சங்கங்களுக்குள் நடக்கும் மாற்றங்கள். அறம் பற்றிய கேள்வி அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறது: ஓர் ஆட்டத்தால் விளையும் பயன் யாருக்குச் சேர வேண்டும்?

டெஸ்ட் ஆட்டத்தின் நுழைவுச்சீட்டு வருவாய் உள்ளூர்ச் சங்கத்துக்கே என்பது நெடுநாள் வழக்கம். இன்று நீங்கள் வந்தால் நாளை நாங்கள் வருவோம் என்ற நம்பிக்கையே அதன் நியாயம். பெரிய அரங்குகள் உள்ள நாடுகளுக்கு அது பொருந்தும். பசிபிக் தீவு நாடான சமோவாவுக்குப் பொருந்தவில்லை. நியூசிலாந்து அணி சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் முதன்முதலாக டெஸ்ட் ஆடியதே 2015இல்தான். அதற்குள் சமோவா வம்சாவளி வீரர்கள் பல தலைமுறைகளாக நியூசிலாந்தின் கறுப்புச் சீருடையில் ஆடிவிட்டார்கள்.

2017 நவம்பரில் சமோவா, இங்கிலாந்து அணியின் சொந்த அரங்கான டுவிக்கன்ஹாமுக்கு வந்தபோது அதன் சங்கம் பணமுடையில் தவித்தது. இங்கிலாந்துச் சங்கம் நல்லெண்ணத் தொகையாக 75,000 பவுண்டு கொடுத்தது. மனமுவந்து கொடுத்ததுதான். ஆனால் கொடை வேறு, பங்கு வேறு. கொடையை அடுத்த முறை நிறுத்திவிடலாம், ஏன் என்று கேட்க முடியாது. பங்கைக் கேட்டு வாங்கலாம். எதிரணிக்கு அந்த உரிமை உண்டா?

ஸ்க்ரம் இதற்கு விடை சொல்கிறது. அதில் எட்டுப் பேர் எதிரே உள்ள எட்டுப் பேரோடு தோள் கோத்துத் தள்ளுகிறார்கள். ஒரு பக்கம் சட்டென்று விலகினால் மறு பக்கம் முகம் குப்புற விழும். ஒருவரது பலம் வெளிப்படவே மற்றவர் எதிர்த்து நிற்க வேண்டியிருக்கிறது. ஆட்டம் இருவரும் சேர்ந்து உண்டாக்குவது. கூட்டம் இங்கிலாந்தைப் பார்க்கத்தானே வருகிறது என்று வாதிடலாம். அது பங்கைக் குறைக்கக் காரணமாகலாம், இல்லையென்று ஆக்கிவிடாது.

திறமை இல்லாததால்தான் சமோவா, டோங்கா போன்ற பசிபிக் தீவுகள் பின்தங்கின என்ற வாதத்துக்கு பிஜியே பதில். 2022இல் பிஜியின் தொழில்முறை அணியான பிஜியன் துருவாவுக்கு, சூப்பர் ரக்பி என்ற தென்கோளக் கழகத் தொடரில் இடம் கிடைத்தது. மறு ஆண்டே, அந்த அணி வீரர்கள் பலருடன், 1954க்குப் பிறகு முதன்முறையாக பிஜி ஆஸ்திரேலியாவை வென்றது: 22-15. 2026ஆம் ஆண்டுக்கு வகுக்கப்பட்ட நேஷன்ஸ் சாம்பியன்ஷிப் என்ற சர்வதேசத் தொடரின் முதல் அடுக்கிலுள்ள 12 அணிகளில் பிஜி இருக்கிறது. சமோவாவும் டோங்காவும் இல்லை.