உப்புத்தண்ணியும் நல்லதண்ணியும்

மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவில் அடங்கிய 21 தீவுகளுள் மூன்று, முத்துக்குளித்துறையின் ஏழு பழந்துறைகளில் ஒன்றான வேம்பாரின் பெயரால் வேம்பார்த் தீவுக்கூட்டம் என்று வழங்கப்படுகின்றன. உப்புத்தண்ணி, புழுவினிச்சல்லி, நல்லதண்ணி என்பன அவற்றின் பெயர்கள். இத்தீவுகளைச் சுற்றிக் கிடக்கும் பவளத்திட்டைப் போன்ற ஒன்றைச் சிறு கண்ணாடித் தொட்டிக்குள் அமைத்து, ஓர் அலுவலகத்தின் வரவேற்பு மேசையிலோ சன்னலோரத்திலோ வளர்ப்பது தகுமா என்னும் வினா வெறும் பொழுதுபோக்கைப் பற்றியதாகவே முதலில் தோன்றும். ஆயினும் உயிர் என்பது எது, அதைக் காப்பவருக்கு அதன்மேல் உள்ள உரிமை எவ்வளவு, காக்கும் பொறுப்பைப் பலர் சேர்ந்து ஏற்கும்போது அது யாருடையதாகிறது ஆகிய பழைய சமய வினாக்கள் அதற்குள் அடங்கியிருப்பதால், அதைப் பொறுமையோடு ஆராய வேண்டியிருக்கிறது.

தொட்டிக்குள் இருப்பது என்ன என்பதே முதலில் தெளிய வேண்டியது. பவளத்திட்டைக் கட்டும் உயிர், உச்சியில் ஒரு வாயும் அதைச் சுற்றி ஆறின் மடங்கில் அமைந்த உணர்கொம்புகளும் உடைய மிகச்சிறிய விலங்கு. தன் அடிப்பக்கத்தில் சுண்ணாம்பைச் சுரந்து, கிண்ணம் போன்ற கூட்டைக் கட்டிக்கொண்டு, ஆயிரக்கணக்கான உடன்பிறப்புகளோடு ஒட்டி வாழ்வது. அதன் தசைக்குள் ஒற்றை உயிரணுப் பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலைக் கொண்டு உணவு ஆக்கி, அதில் பெரும்பங்கைத் தமக்கு இடம் கொடுத்த விலங்குக்கே அளிக்கின்றன. நவமணிகளுள் ஒன்றாக மோதிரத்தில் பதிக்கப்படும் செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் வளரும் வேறோர் இனம் என்பதையும், திட்டுப் பவளத்தின் நிறமோ பெரிதும் அதற்குள் குடியிருக்கும் பாசியை ஒட்டி அமைவது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

விலங்கு, பாசி, கல் ஆகிய மூன்றும் ஓருடம்பாகக் கூடிய இவ்வுயிரை எங்கே வைப்பது என்பதில் மரபு நூல்கள் ஒருமித்துப் பேசவில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. புல்லும் மரமும் தீண்டலை மட்டும் உணரும் ஓரறிவுயிர்கள், நத்தை போன்றவை சுவையும் அறியும் ஈரறிவுயிர்கள். பவளவுயிர் அங்கே பெயர் சொல்லப்படவில்லை. தொட்டால் சுருங்குவதையும், நீரில் கரைந்து வரும் இரையின் தடம் அறிந்து கொம்பு நீட்டுவதையும் கொண்டு அதை ஈரறிவு வகையில் வைக்கலாம். ஆனால் கண்ணே இல்லாத அவ்வுயிரின் சில இனங்கள், நிலவொளியை உணர்ந்து முழுநிலவை ஒட்டிய இரவுகளில் ஒருசேரக் கருவணுக்களை வெளியிடுகின்றன என்று அறியும்போது, புலன்களை எண்ணி வகுக்கும் முறை இங்கே போதவில்லை என்பது புலனாகிறது. சுவேதாம்பரச் சமணரின் உத்தராத்யயன சூத்திரம், மண்ணையே உடம்பாகக் கொண்ட உயிர்களை எண்ணும்போது பொன், செம்பு முதலியவற்றோடு பவளத்தையும் சேர்க்கிறது. மாணிக்கவாசகரின் சிவபுராணம், உயிர் எடுத்து இளைக்கும் பிறவிகளின் வரிசையில் கல்லையும் வைக்கிறது. இவற்றை விலங்கியல் அறியாத காலத்துப் பிழை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் கல்லாகத் தோன்றுவதற்குள்ளும் உயிர் இருக்கக்கூடும், ஆகவே கை வைக்குமுன் தயங்க வேண்டும் என்று அவை ஊட்டிய மனநிலை, பவளத்தைப் பொறுத்தவரை முழுக்கச் சரியாக அமைந்துவிட்டது.

இனி, தொட்டி வைப்பவர் எதைத் தம் தலைமேல் ஏற்றுக்கொள்கிறார் என்பதைப் பார்க்கலாம். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. தொட்டியின் நீர் ஆவியாகும்போது நீர் மட்டுமே போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. ஆகவே குறைந்த அளவை ஈடுசெய்யக் கடல்நீரை ஊற்றினால் உப்பு மேலும் மிகுந்து உயிர்கள் மடியும், நாள்தோறும் நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும். தொட்டி சிறியதாக ஆக ஆக இந்த ஏற்றத்தாழ்வு விரைவாகிறது என்பதால், மேசைமேல் வைக்கும் சிறு தொட்டியே எல்லாவற்றிலும் கடினமானது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பாறைத் துளைகளில் குடியேறுவதற்குச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். பவளம் கூடு கட்டக் கட்டக் குறைந்துகொண்டே போகும் கால்சியத்தையும் காரத்தன்மையையும் அளந்து அளந்து ஈடுசெய்ய வேண்டும். அலையின் வேலையை மோட்டாரும், வெயிலின் வேலையை விளக்கும் செய்ய வேண்டும். கடலில் கேளாமலே நடக்கும் இத்தனையையும் ஒரு மனிதர் தம் கையால் நடத்த முற்படுகிறார். சைவமும் வைணவமும் இறைவனுக்கு உரிய தொழில்களில் ஒன்றாகச் சொல்லும் காத்தல் என்பதன் மிகச்சிறிய ஒரு பங்கு இதுவே; அது ஒருமுறை செய்து முடிக்கும் செயலன்று, ஒரு கணமும் விடாது நடக்கவேண்டிய ஒன்று என்பது இந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் உடல் உழைப்பாகவே தெரியவருகிறது.

உப்பைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தூத்துக்குடி வட்டார உப்பளங்களில் கடல்நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் பின்பு ஜிப்சமும் படிந்து ஒதுங்கிவிடுகின்றன. அதன்பிறகே சோற்றுப்பு விளைகிறது. எஞ்சும் கசப்புநீரில் மக்னீசியம் தங்கிவிடுகிறது. எனவே எவ்வளவு வெண்மையான உப்பைக் கரைத்தாலும் அது கடல்நீர் ஆகாது. கால்சியமும் மக்னீசியமும் இல்லாத அந்நீரில் பவளம் கூடு கட்ட இயலாது. வழிபாட்டு மரபுகள் பிரித்து எடுப்பதையும் விலக்கி வைப்பதையும் தூய்மை என்று போற்றுகின்றன. பவளம் வாழ்வதோ எதுவும் பிரிக்கப்படாத கலவையில்.

அலுவலகம் என்னும் இடமே இவ்வினாவைக் கூர்மையாக்குகிறது. வீட்டில் வளரும் உயிருக்கு ஒருவர் பொறுப்பு. அலுவலகத்தில் வளரும் உயிருக்கு எல்லாரும் பொறுப்பு என்று சொல்லப்படும்போது, நடைமுறையில் ஒருவரும் பொறுப்பில்லை என்றாகிவிடுகிறது. ஒருவர் இரை போட்டதை அறியாமல் இன்னொருவரும் போடுவதால் நீர் கெடுகிறது. சனிக்கிழமை மாலை குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு அனைவரும் வீடு திரும்ப, தூத்துக்குடியின் சித்திரை வெயிலில் பூட்டிய அறையின் வெப்பம் தொட்டி நீருக்கும் ஏறுகிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஓரிரு பாகை கூடுதலான வெப்பம் நீடித்தாலே பவளம் தன்னுள் குடியிருக்கும் பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் பெரும் பரப்பில் நிகழ்ந்தது இவ்வெளுப்பே. முத்துக்குளித்துறையின் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறன்று கடலுக்குப் போகாதிருப்பது நெடுநாள் வழக்கம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடையும் உண்டு. இந்த ஓய்வுகள் மனிதருக்கு மட்டுமின்றிக் கடலுக்கும் ஓய்வாக அமைகின்றன, ஏனெனில் கடல் மனிதர் இல்லாமலே தன்னைப் பேணிக்கொள்ளும். தொட்டிக்கு அந்த வலிமை இல்லை. விவிலியத்தின் இணைச்சட்ட நூல் ஓய்வுநாளை எருதுக்கும் கழுதைக்கும் சேர்த்தே விதிக்கிறது. லூக்கா நற்செய்தியில் இயேசு, ஓய்வுநாளிலும் கால்நடையை அவிழ்த்துக் கொண்டுபோய்த் தண்ணீர் காட்டும் வழக்கத்தைச் சான்றாக எடுத்துக்கொண்டே, அந்நாளில் நோயாளியைக் குணப்படுத்தியதற்கு நியாயம் சொல்கிறார். கட்டிப்போட்ட உயிருக்குத் தண்ணீர் காட்டுவது கட்டியவரின் கடன் என்பதும், அக்கடனுக்கு விடுமுறை இல்லை என்பதும் அச்சான்றின் அடியில் கிடக்கும் அறம். தொட்டி நீருக்கு நாள்தோறும் நல்ல தண்ணீர் ஊற்றுவதை இதைவிடப் பொருத்தமாக விளக்கும் இடம் வேறில்லை.

இவ்வளவு பாடுபட்டும் தொட்டி வைப்பதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான காரணம், கண்ணால் காணாததை எவரும் நேசிப்பதில்லை என்பதாகும். கடலோரத்தில் பிறந்தும் நீருக்கடியில் ஒருமுறையும் பவளத்தைக் காணாதவர்கள் மிகப் பலர் என்பதால், இக்காரணத்தை எளிதில் மறுக்க இயலாது. எனினும் தொட்டியின் வரலாறே இதற்கு எதிரான சான்று ஒன்றை வைத்திருக்கிறது. 1854இல் கடல்நீர்த் தொட்டியைப் பற்றி நூலெழுதி அதை இங்கிலாந்தின் வீட்டுக் கூடங்களுக்குள் கொண்டுசேர்த்த பிலிப் ஹென்றி காஸ், ஆழ்ந்த கிறித்தவப் பற்றாளர். படைப்பைக் காட்டிப் படைத்தவரைப் போற்றச் செய்வதே அவர் நோக்கம். அந்நூல்களால் ஊக்கம் பெற்றவர்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைப் பாறைக்குட்டங்களுக்குச் சென்று அங்கிருந்த உயிர்களை வாரிக்கொண்டு போனதையும், அதைக் கண்டு தந்தை வருந்தியதையும், அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியிட்ட தன்வரலாற்றில் பதிவு செய்தார். பக்தியில் பிறந்த ஒரு காட்சியே காட்டிய பொருளை அழித்ததென்றால், காண்பதிலிருந்து நேசம் பிறக்கும் என்னும் கூற்றோடு, அந்நேசம் தானாகவே காப்பாக மாறுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

வேம்பார்க் கரைக்கு இதைவிடக் கசப்பான நினைவு ஒன்று உண்டு. தூத்துக்குடித் தீவுகளையும் வேம்பார்த் தீவுகளையும் சுற்றியிருந்த பவளம், பல பத்தாண்டுகள் கடப்பாரையால் பெயர்க்கப்பட்டு, சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் வல்லங்களில் ஏற்றப்பட்டது. அரண் இழந்த தீவுகளை அலை அரித்தது. அந்த 21 தீவுகளில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் அமிழ்ந்தன. 2001இல் திட்டுப் பவளங்கள் அனைத்தும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டபின், சில ஆண்டுகளில் அத்தொழில் ஓய்ந்தது; அதைச் செய்து பிழைத்தவர்கள் வேறு பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று. நீதி என்னும் கோணத்தில் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அடுப்பெரிவதற்காகப் பவளம் பெயர்த்த ஏழைக்கு இல்லாத விலக்கு, அறையின் அழகுக்காகப் பவளம் வாங்கும் அலுவலகத்துக்கு எவ்வாறு இருக்க முடியும்? சட்டம் அவ்விலக்கைத் தரவில்லை. உரிமம் இன்றிப் பவளத்தை வைத்திருப்பதே குற்றம். சட்டம் வாய்மூடி இருந்தாலும் அறம் அதைத் தந்திருக்காது.

கடலிலிருந்து எடுத்தல் என்பதைப் பற்றித் தமிழ்ச் சைவம் தரும் மிக உயர்ந்த சிந்தனை, நாகப்பட்டினத்துக் கடற்கரையின் நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனாரின் வரலாற்றில் கிடைக்கிறது. வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவந்த அப்பரதவர், நாளெல்லாம் ஒரே மீன் கிடைத்து வீடு பசித்தபோதும் அதையும் விட்டார், பொன்மீன் கிடைத்தபோதும் விட்டார் என்று பெரியபுராணம் சொல்கிறது. எடுப்பதே தொழிலான ஒருவர், எடுத்ததில் சிறந்ததன் மேல் தமக்கு உரிமை இல்லை என்று ஒப்புக்கொண்டதே அவருடைய தொண்டு. விவிலியத்தின் தொடக்க நூல் கடல் மீன்களை ஆளும்படி மனிதருக்குச் சொன்னாலும், அடுத்த அதிகாரத்திலேயே தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும்படி சொல்வதைச் சுட்டி, திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடல், ஆளுதலைக் காத்தலாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று விளக்குகிறது. பவளத்திட்டுகளின் அழிவையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நாகையின் நுளைப்பாடியும் உரோமையும் இவ்விடத்தில் ஒரே கருத்தில் சந்திக்கின்றன: பெரியதைத் தன் கையில் பெற்றவருக்கு அதை வைத்துக்கொள்ளும் உரிமையைவிட, அதை அதற்குரிய இடத்தில் விட்டுவைக்கும் கடமையே முந்துகிறது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், கடலில் பிறந்த பவளத்துக்கு அலுவலக மேசையில் இடமில்லை என்ற முடிவே சரியானது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை வகுத்து, கடலோரப் பெண்களின் குழுக்கள் அக்குஞ்சுகளை வளர்த்து விற்கவும் வழி செய்திருக்கிறது. அத்தகைய மீன் இரண்டையும் கையால் செய்த பாறையையும் வைத்து ஒரு தொட்டி அமைப்பது, கடலிலிருந்து எதையும் எடுக்காமலே உப்புநீர் உயிரின் அருகில் இருக்கும் வாய்ப்பைத் தரும். பவளத்துக்காகச் செலவிட எண்ணிய உழைப்புக்குக் கடலிலேயே இடம் இருக்கிறது: தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் பவளக் கிளைகளைக் கடலடியில் நட்டு, சிதைந்த திட்டுகளை மீட்டு வருகிறது. ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவர்கள், அதிபத்தரை எண்ணி உயிர்களைக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடவும் கூடாது; தொட்டியில் வளர்ந்த உயிர் நோயையும் அயல் இனத்தையும் திட்டுக்குக் கொண்டுசெல்லக்கூடும் என்பதால், அவர்கள் செய்யத்தக்கது அதன் ஆயுள் முடியும்வரை அதைக் காப்பதே. அவ்வாறு தொட்டி வைத்திருக்கும் அலுவலகத்தார், வரும் ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து நல்ல தண்ணீர் ஊற்றப் போவது யார் என்று, ஒருவருடைய பெயரை இன்றைக்கே எழுதி வைக்க வேண்டும்.