உரிமை கோராத அன்பு

'நீ எனக்கு வேண்டும்' என்பதையும் அன்பு என்கிறோம். 'நீ நலமாக வாழ வேண்டும்' என்பதையும் அன்பு என்றே அழைக்கிறோம். இரண்டும் கலந்தே இருப்பதால் அன்றாட வாழ்வில் வேறுபாடு புலப்படுவதில்லை. விரும்பிய ஒன்று பிறருக்கு உரியதாகும்போதுதான் நம்முள் இருந்தது எது என்பது தெரியவருகிறது.

இந்தச் சோதனையை ஆழமாகச் சித்திரிப்பது, சந்திரதர் சர்மா குலேரி (1883–1922) எழுதி, 1915-இல் 'சரஸ்வதி' மாத இதழில் வெளிவந்த 'உஸ்னே கஹா தா' (அவள் சொன்னாள்) என்ற ஹிந்திச் சிறுகதை. முதல் உலகப்போரில் 10 லட்சத்திற்கும் அதிகமான இந்திய வீரர்கள் கடல் கடந்து சென்றனர். சுமார் 74,000 பேர் உயிர் துறந்தனர். அந்தப் போரே கதையின் களம்.

அமிர்தசரஸ் கடைவீதியில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் லஹ்னா சிங், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அடிக்கடி சந்திக்கிறான். அவளுக்கு நிச்சயதார்த்தம் ஆகிவிட்டதா என்று கேட்டுக் கேலி செய்வது அவன் வழக்கம். ஒருநாள் அவள் ஆகிவிட்டது என்கிறாள். வீடு திரும்பும் வழியில் அவன் ஒரு பையனைச் சாக்கடையில் தள்ளுகிறான். ஒரு நாயைக் கல்லால் அடிக்கிறான். அவனுடைய ஏமாற்றத்திற்கு எவ்விதத்திலும் பொறுப்பில்லாதவர்கள் துன்புறுகிறார்கள்.

இருபத்தைந்து ஆண்டுகள் கழிகின்றன. ஜமேதார் லஹ்னா சிங் போர்முனைக்குப் புறப்படும் வேளையில், தன் சுபேதாரின் மனைவி அந்தச் சிறுமியே என்று அறிகிறான். கணவனும் ஒரே மகனும் போருக்குப் போகிறார்கள். சிறுவயதில் குதிரையின் காலடியிலிருந்து தன்னைக் காத்ததுபோல் இவ்விருவரையும் காக்கும்படி முந்தானை ஏந்தி யாசிக்கிறாள் அவள்.

இங்கே ஒரு தர்மசங்கடம் எழுகிறது. பதுங்கு குழியில் இருந்த ஒவ்வொருவனும் ஒரு தாயின் மகன்தானே! ஒருத்தியின் கணவனையும் மகனையும் மட்டும் காப்பது படைவீரனுக்கு அறமாகுமா?

லஹ்னா சிங்கின் செயல்களே இதற்கு விடை தருகின்றன. காய்ச்சலில் நடுங்கிய மகனுக்குத் தன் கம்பளியைக் கொடுத்தான். உலர்ந்த பலகையை அவனுக்கு விட்டுத் தான் சேற்றில் கிடந்தான். அவனது காவல் முறையையும் தானே ஏற்றான். ஆங்கிலேய அதிகாரிபோல் வேடமிட்டு வந்த ஜெர்மானியனை அடையாளம் கண்டு, வஞ்சகமாக வெளியே அனுப்பப்பட்ட சுபேதாரின் படைப்பிரிவைத் திரும்ப அழைத்தான். அதனால் படைப்பிரிவு முழு அழிவிலிருந்து காக்கப்பட்டது. பாரபட்சம் பிறருடைய பங்கை எடுத்து நமக்கு வேண்டியவருக்குத் தருகிறது. அவனோ தனக்குரியதை மட்டுமே தந்தான். அன்பு அறத்தின் எல்லைக்குள் நிற்கிறதா என்பதை அறிய இதுவே உரைகல்.

காயமுற்றோரை ஏற்றிச் செல்ல வண்டி வந்தபோது, விலாவில் பாய்ந்த குண்டை மறைத்து, தந்தையையும் மகனையும் அனுப்பிவைக்கிறான். அவள் சொன்னதைச் செய்துவிட்டதாக அவளிடம் தெரிவிக்குமாறு மட்டும் சுபேதாரிடம் கேட்டுக்கொள்கிறான். அவள் என்ன சொன்னாள் என்று கணவன் கேட்கிறான். அதற்கு விளக்கம் தராமலே வண்டியில் ஏறச் சொல்கிறான்.

பலனை எதிர்பாராத செயலே உயர்ந்தது எனில், அவளுக்குத் தெரிய வேண்டும் என்ற இந்த விருப்பமும் ஒரு பற்றுதானே என்று வேதாந்தம் பயின்றவர் கேட்கலாம். ஆம், ஒரு மெல்லிய இழை எஞ்சியிருக்கிறது. ஆயினும் அது அவளிடமிருந்து எதையும் கேட்கவில்லை. அடைக்கலப் பொருளைத் திருப்பித் தந்தவன் 'ஒப்படைத்துவிட்டேன்' என்று சொல்வது போன்றது அது. முற்றும் பற்றற்ற ஞானியாக அவன் சாகவில்லை; பற்று பெரும்பாலும் தூய்மையடைந்த மனிதனாகச் சாகிறான். நம்மில் பலருக்கும் எட்டக்கூடிய படி அதுவே.

அன்று கல்லெறிந்ததும் இன்று வண்டியை விட்டுக்கொடுத்ததும் ஒரே இதயம். இடையில் கழன்றது அன்பு அன்று. 'எனக்கே உரியது' என்ற எண்ணம். அது கழன்றதும் கணவன் அவனுக்குப் போட்டியாளனாகத் தெரியவில்லை. காக்கப்பட வேண்டியவனாகத் தெரிந்தான்.

நமக்குக் கிடைக்காமல் போன உறவுகளும் பதவிகளும் பாராட்டுகளும் ஏராளம். அவற்றை அடைந்தவரைக் காணும்போது நம் கை கல்லைத் தேடுகிறதா, கம்பளியை எடுக்கிறதா? நமது அன்பு எத்தகையது என்பதை அந்தக் கணமே நமக்குச் சொல்லிவிடும்.