குழந்தைக்குக் கொடுத்த லஞ்சம்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பேட்டைக் கிளை நூலகத்தில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்காகப் பத்து நாள் நிகழ்ச்சிகள் ஏற்பாடாயின. கதை எழுதுகிறவன் என்ற ஒரே தகுதியால் என்னையும் யோசனை சொல்ல அழைத்தார்கள். கதை சொல்லுதல், பொம்மலாட்டம், படம் வரைதல் என்று நூலகர் அழகாகத் திட்டம் போட்டு வைத்திருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "அதிகப் புத்தகம் படிக்கிற குழந்தைக்கு ஒரு பரிசு வையுங்கள், கூட்டம் தானாக வரும்" என்றேன்.

கூட்டம் வந்தது. நான்காம் நாள், மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரே காலைப் பொழுதில் பதினொரு புத்தகங்களைப் படித்து முடித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றான். கடைசிப் புத்தகத்தைப் புரட்டியபடி, "இதிலே யானைக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டேன். அசட்டுக் கேள்வி கேட்டவனைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தான்.

"பதினொண்ணு ஆச்சு சார், எழுதிக்குங்க."

அவனைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை? நான் விலை பேசினேன்; அவன் சரக்கைக் கொண்டுவந்து போட்டான்.

1973-ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். படம் வரைவதில் இயல்பாகவே ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகள் சிலரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். பிறகொரு நாள் பேனாக்களைச் சும்மா வைத்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைப் போல் ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்களாம். முன்னால் சொல்லாமல், வரைந்த பிறகு அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளின் ஆசை குறையவில்லை.

நூலகரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "நீங்கள் சிறு வயதில் மார்கழிக் குளிரில் எழுந்து பஜனைக்குப் போனது பக்தியாலா, பொங்கலுக்காகவா? வராத பிள்ளைக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது?" என்றார்.

பொங்கலுக்காகத்தான் போனேன். மறுப்பதற்கில்லை. ஆனால், பாடினவனுக்கும் தூங்கி வழிந்தவனுக்கும் அங்கே ஒரே அளவு தொன்னைதான். எத்தனை பாட்டு என்று எவரும் எண்ணவில்லை. எண்ணாததால்தானோ என்னவோ, பாட்டும் காதில் விழுந்தது. இன்றும் சில அடிகள் நினைவிலிருக்கின்றன. நூலக இயலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. அவர் கணக்கெல்லாம் அறிந்த கணிதப் பேராசிரியர்தான். இருந்தும் எத்தனை நூல் என்று அதில் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் கணக்கு நோட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டோம். வருகிற குழந்தைகளுக்கெல்லாம் ஒரு கடலை மிட்டாய் என்று முடிவாயிற்று. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அந்தப் பையன் வரும்வரை.

"அப்போ என் பதினொண்ணு?"

அவன் கேட்டது நியாயந்தானே? ஒப்பந்தம் தவறானது என்று கண்டுகொண்டவன் நான். அதற்காக, தன் பங்கை முடித்துவிட்ட ஒரு குழந்தையிடம் வாக்குத் தவறலாமா? எவ்வளவு யோசித்தும் தவறலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. சொன்னபடி வண்ணப் பென்சில் பெட்டியை என் கைப்பணத்தில் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் அவன் வரவில்லை. அந்த யானைப் புத்தகம் என் மேஜை மேலேயே இருந்தது.