தீ வைத்த கையும் கட்டிநின்ற கையும்



கொடுமை செய்தவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. அதைக் கண்டு வாளாவிருந்தவனுக்கும் அதில் பங்குண்டோ? இவ்வினாவைத் திருவனந்தபுரத்து மண்ணில் நின்றே ஆராய்வோமாக.

இந்நகருக்குத் தெற்கே வெங்ஙானூரில் 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. அவர் பஞ்சமி என்னும் புலையர் குலச் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். சேர்த்துக்கொள்ள அரசாணை இருந்தது. இருந்தும் அக்குழந்தை அமர்ந்த பள்ளியைச் சாதிமான்கள் எரித்தனர். இது 1910களில் நிகழ்ந்தது. தீப்பந்தம் ஏந்தியவர் ஊரார் அனைவருமல்லர். ஆயின், தீண்டினால் தீட்டென்று வீடுதோறும் கற்பித்தவர் எத்துணைபேர்! அக்கற்பனை இல்லையேல் அந்தப் பந்தம் எரிந்திருக்குமோ?

இது பழங்கதையன்று. 2018இல் அட்டப்பாடியில், உணவுப் பொருள் திருடினாரென்று ஓர் ஆதிவாசி இளைஞரைக் கட்டிவைத்து அடித்துக் கொன்றனர். கட்டுண்டவரோடு நின்று படம் பிடித்துக்கொண்டவரும் உண்டு. 2020இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், ஜார்ஜ் பிளாய்டு என்னும் கறுப்பரின் கழுத்தை ஒரு காவலர் முழங்காலால் அழுத்திக் கொன்றார். உடனிருந்த காவலர் மூவரையும் நீதிமன்றம் பின்னர்க் குற்றவாளிகளென்றே தீர்த்தது.

"வினை என்பது எண்ணமே என்றார் பகவான் புத்தர், தீதெண்ணாதவனுக்குத் தீவினை ஏது?" என்பர் சிலர். ஆலையில் ஒருவன் கை பல்சக்கரத்தில் சிக்குகிறது. விசையருகே நிற்பவன் அதை நிறுத்தாமல், "சிக்கவைத்தவன் நானல்லன்" என்றால் ஏற்போமா? தடுக்க வல்லவன் தடுக்காதிருக்கத் துணிவதும் ஓர் எண்ணமே. அடித்தவனுக்கும் பார்த்தவனுக்கும் பழி ஒரே அளவினதன்று. ஆனால் இனியொருவர் அடிபடாமல் காக்கும் கடமை இருவருக்கும் பொது. அடிபட்டவனின் முன்வினை என்று சொல்லி நகர்வதோ, அக்கடமையினின்று தப்பும் தந்திரம்.

ஒடுக்கப்பட்டோராகிய நமக்கும் இது பொருந்தும். திரிசரணம் கூறிச் சாதியைத் துறந்த நாம், பெண் கொடுக்கும்போது உட்பிரிவு கேட்போமாயின், அத்தீக்கு நாமும் விறகிட்டவராவோம்.

பலர் கூடிச் செய்த கேட்டைப் பலர் கூடியே நீக்க முடியும். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் வயலில் இறங்குவதில்லையென அய்யன்காளி உழவுத் தொழிலாளரைத் திரட்டினார், களை மண்டியது, தனியொருவர் மறுத்திருந்தால் அது நிகழ்ந்திராது. ஆதலின், நம் தெருவில் ஒருவர்மேல் கை ஓங்கப்படும்போது, கட்டிய கைகளை அவிழ்த்து நாம் அனைவரும் குறுக்கே நிற்போமாக. கருணையென்பது அதுவே.