கணக்கு தீரும் சோறு

ஒரு சாப்பாட்டுக் கடை மூடப்பட்டதற்கு வருத்தப்படலாமா? 'ஆயிரம் பிரச்சனை கெடக்கு, இதுக்கு ஒரு கட்டுரையா' என்று தோழர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் 2008-இல் சென்னை கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் மூடப்பட்டபோது யாரும் சிரிக்கவில்லை. 1962-இல் தொடங்கிய ஓட்டல். அந்தக் காப்பி, அந்த மரநிழல், அங்கே பேசிய பேச்சு என்று பத்திரிகைகள் உருகின. 2021-இல் கோலார் தங்கவயலில் எங்கள் லைனை ஒட்டியிருந்த ஒரு மாட்டுக்கறிக் கடை மூடப்பட்டது. ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நாம் எதை இழந்தோம் என்பதை நாமாவது சரியாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

ருசி என்பது பதில் அல்ல. போட்டி வறுவலை வீட்டிலும் செய்துகொள்ளலாம். இந்த நாட்டில் ஓட்டல் வெறுமனே தின்கிற இடமாக இருந்ததில்லை. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்கிற ஒரு சொல்லை நீக்கப் பெரியார் தொண்டர்கள் மறியல் செய்து சிறைக்குப் போக வேண்டியிருந்தது. அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கடை, உணவு விடுதி என்று பேர் சொல்லியே எழுத வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் டீக்கடையில் ரெண்டு கிளாஸ் இருந்தது. சாதி எங்கே குடியிருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம். சாப்பிடுகிற இடத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இதைவிட நுட்பமான ஒரு விலங்கு உண்டு. அதன் பெயர் நன்றி. திருக்குறளில் அதற்கு ஒரு அதிகாரமே இருக்கிறது. செஞ்சோற்றுக் கடனுக்காகக் கர்ணன் செத்ததைப் பெரிய தர்மமாகத் தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்து அழுதவர்கள் நாம். எங்க பாட்டி, தன் அம்மா சொன்னதாகச் சொல்லும்: "அறுப்பு முடிஞ்சா கொல்லப்பக்கமா போயி நிக்கணும். ஒசரத்துல இருந்து கூழு ஊத்துவாங்க. கையில பாதி, மண்ணுல பாதி. குடிச்சிட்டு 'ஆண்டை நல்லாருக்கணும்'னு சொல்லிட்டு வரணும்." நாள் முழுக்க உழைத்தது இவள். படியளந்த புண்ணியம் ஆண்டைக்கு. கூலியைக் கூலி என்று சொல்லாமல் தர்மம் என்று சொன்னால் போதும், வாங்கியவள் கடன்காரி ஆகிவிடுவாள். இந்தக் கடனுக்கு நோட்டு கிடையாது. நோட்டு இல்லாத கடன் பரம்பரைக்கும் தீராது.

ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் தொடங்கிய சுரங்கத்துக்கு வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து கும்பல் கும்பலாகப் போனவர்கள் இந்தக் கொல்லைப்புறத்திலிருந்து தப்பிப் போனவர்கள்தான். போன இடம் சொர்க்கமில்லை. மூணு கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்தார்கள். நுரையீரலில் கல்தூசி ஏறிச் செத்தார்கள். ஆனாலும் கூலி காசாகக் கைக்கு வந்தது. காசு வந்ததும் கடை வந்தது. ஆயா கடைக்குப் பேர்ப்பலகை கிடையாது. ரெண்டு பெஞ்சு, ஒரு அடுப்பு, சால்னா, ஈரல், போட்டி. ஷிப்ட் முடிந்து வருகிறவன் உட்காருவான், தின்பான், காசைப் போட்டுவிட்டு எழுந்து போவான். யாரையும் கும்பிட வேண்டியதில்லை. காசில்லாதவனுக்கு நோட்டில் கணக்கு. ஆயாவுக்கு எழுதத் தெரியாது, பேரன் எழுதுவான். சம்பளத்தன்று பணம் கொடுத்ததும் அந்த வரியின் மேல் கோடு போடச் சொல்லிவிட்டு ஆயா சொல்லும்: "கணக்கு தீந்துபோச்சி, போ நைனா." எந்த ஆண்டையும் எங்கள் முன்னோரிடம் சொல்லாத வார்த்தை இது.

அப்படியானால் காசுதான் விடுதலையா என்று கேட்பீர்கள். இல்லை. ரெண்டு கிளாஸ் டீக்கடையும் அதே காசைத்தான் வாங்கியது. விலையும் ஒன்று, தட்டும் ஒன்று, பெஞ்சும் ஒன்று என்று ஆகும்போதுதான் சோறு வெறும் சோறாக ஆகிறது.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. சங்கு ஊதவில்லை. நோட்டு மட்டும் நிரம்பிக்கொண்டே போனது. ஆயா சோற்றை நிறுத்தவில்லை, எழுதுவதையும் நிறுத்தவில்லை. 'போகட்டும், சும்மா தின்னுங்க' என்று சொல்லியிருந்தால் ஊரே அதைத் தெய்வம் என்றிருக்கும். சொல்லவில்லை. எழுதிவைப்பது கஞ்சத்தனம் என்று சிலர் பேசினார்கள். நான் அதை மரியாதை என்கிறேன். 'நீ இன்னிக்கு விழுந்து கெடக்குற, நாளைக்கு எழுந்து வந்து குடுப்ப' என்று நம்புகிறவர்தான் கடன் எழுதுவார். நம்பாதவர் பிச்சை போடுவார்.

பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள், அங்கேயே தின்றார்கள். சிலர் திரும்பி வந்து கணக்கைத் தீர்த்தார்கள், பலர் தீர்க்கவில்லை. 1964 சட்டம் வயதான காளைக்கும் எருமைக்கும் விட்டிருந்த வழியை, 2021-இல் நடைமுறைக்கு வந்த கர்நாடகச் சட்டம் 13 வயது தாண்டிய எருமைக்கு மட்டும் என்று சுருக்கியது. கறி வரத்து நின்றது. அடுப்பு அணைந்தது.

இப்போது தங்கவயல்காரர்கள் கூடினால் ஆயா புராணம்தான். 'எங்க அம்மா மாதிரி', 'அன்னபூரணி', 'அந்தக் கை ருசி யாருக்கு வரும்'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆண்டை நம் உழைப்பைத் தன் தர்மமாக மாற்றினான். நாம் ஒரு கிழவியின் உழைப்பைப் பாசமாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். அம்மா என்று கூப்பிட்டுவிட்டால் காசு கொடுக்க வேண்டியதில்லையே! அடுப்புப் புகையில் கண் கெட்டது அம்மாவுக்கு அல்ல, கடை நடத்தியவருக்கு. விறகுக்கும் கறிக்கும் மசாலாவுக்கும் அவர் ரொக்கம் கொடுத்தார்.

கடை மூடினால் கடனும் மூடிவிடுமா? மூடாது. நன்றி என்கிற விலங்கை உடைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கணக்கையும் சேர்த்துக் கிழிப்பவன் விடுதலை அடைந்தவன் அல்ல, ஆண்டையின் நாற்காலியில் உட்கார்ந்தவன். ஆயாவுக்கு இரங்கல் கூட்டம், நினைவு மலர் எதுவும் வேண்டாம். உயிரோடுதான் இருக்கிறார். நோட்டும் பத்திரமாக இருக்கிறது. அதில் யார் பேர் இருக்கிறதோ அவர்கள் போய்க் கொடுக்கட்டும். கொடுத்துவிட்டுக் கும்பிடாமல் திரும்பி வரட்டும்.