யாருக்காக இந்தப் பலகை?

சொந்தமாகத் தச்சுப் பட்டறை நடத்துகிறவரை ஒரு கேள்வி விடாது: இதை இன்னும் எவ்வளவு பெரிதாக்குவது? ஆர்டர் பெருகினால் ஆள் போட வேண்டும். ஆள் போட்டால், சம்பளத்துக்காகவே புது ஆர்டர் பிடிக்க அலைய வேண்டும். அலைச்சலில் உளியைத் தொட நேரம் இருக்காது.

ஜார்ஜ் நகாஷிமா தம் பட்டறையைச் சிறிதாகவே வைத்துக்கொண்டார். 1905-ல் அமெரிக்காவில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்து, கட்டடக்கலை படித்தவர். 1937-ல் புதுச்சேரி வந்து அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதிக் கட்டுமானத்தைக் கவனித்தார். சம்பளம் வேண்டாமென்று ஆசிரமவாசியானார். சுந்தரானந்தா என்ற பெயர் அரவிந்தர் வைத்தது. பிறகு அமெரிக்கா திரும்பினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தபோது இவரும் குடும்பத்தோடு அடைபட்டார். ஜப்பானியத் தச்சு முறையில் தேர்ந்த ஒருவர் அங்கே இருந்தார். நகாஷிமா அவரிடம் வேலை கற்றார். 1943-ல் விடுதலையாகி, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் குடியேறினார்.

தொழிற்சாலைகளுக்கும் அவர் மாதிரிகள் வரைந்து கொடுத்ததுண்டு. பட்டறையின் போக்கு வேறு. மரம் அறுபடும்போது தாமே பக்கத்தில் நிற்பார். எத்தனை அங்குலக் கனம் என்பது அங்கேதான் முடிவாகும். அறுத்த பலகைகளை மரத்தில் இருந்த அதே வரிசையில், இடையிடையே சட்டம் கொடுத்து அடுக்கிக் காயவைப்பார்கள். பலகை வெடித்திருந்தால் கழித்துக் கட்டமாட்டார்கள். வெடிப்பின் குறுக்கே பள்ளம் பறித்து, இடை சிறுத்த வண்ணத்துப்பூச்சி வடிவ ஆப்பை இறுக்குவார்கள். வெடிப்பு அங்கேயே நின்றுவிடும். வாடிக்கையாளரின் பெயரை மேசையின் அடியில் எழுதுவதும் வழக்கம்.

இன்னாருக்காக என்று தெரிந்து செய்கிற வேலைக்குப் பொறுப்பு கூடத்தான் செய்யும். 1989-ல் ஒரு தம்பதியின் வீடு தீப்பற்றியதில் அவர் செய்த நூற்றுக்கு மேற்பட்ட மரச்சாமான்கள் எரிந்துபோயின. எண்பது தாண்டிய வயதில் அவற்றைத் திரும்பச் செய்ய ஆரம்பித்தார். 1990-ல் அவர் இறந்த பிறகு மகள் மீரா அந்த வேலையை முடித்துக் கொடுத்தார். பட்டறையைப் பெரிதாக்குவதைவிட இது பெரிய சம்பாத்தியம் என்றே தோன்றுகிறது.

நம் ஊர் ஆசாரிகளாலும் இப்படிச் செய்ய முடியும். ஆனால் அவசரப்படுத்துகிறவர்கள் நாம்தான். கிரகப்பிரவேசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது போய் நிற்கிறோம். அடுத்த முறை கட்டிலோ மேசையோ செய்யச் சொன்னால், முன்பணத்தோடு மரம் காய்வதற்கான நாளையும் சேர்த்துக் கொடுங்கள்.