திரும்பாத தலை

மாமா தலையைத் திருப்பவில்லை. நடந்தது அவ்வளவுதான். மூன்று வாரமாகிறது, அது மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ 1973இல் வந்த இசைத் தொகுப்பு. ஜேம்ஸ் கத்ரி அதை 5.1 ஒலியில் கலந்துதர, 2003இல் எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) வட்டாக வெளியானது. அதில் ‘டைம்’ பாட்டின் தொடக்கத்தில் நாலா பக்கமும் கடிகாரங்கள் ஒரே சமயத்தில் அலறும். ஒவ்வொரு தடவையும் மாமா பிரம்பு நாற்காலியில் இருந்தபடியே, யாரோ வாசலில் வந்து நிற்கிற மாதிரி, சட்டென்று பின்னால் திரும்புவார். அப்புறம் ஓர் அசட்டுச் சிரிப்பு.

என் பிளேயர் செத்துப்போனது. இந்த வட்டைக் கணினியில் போட்டால் சாதாரண சிடி அடுக்கை மட்டும் படிக்கும். ஆறு தடங்கள் உள்ள அடுக்கு அதன் கண்ணிலேயே படாது. நண்பரிடம் இருந்த பழைய புளூரே பிளேயர் ஒன்றின் தயவில் உள்ளிருந்ததை எடுத்தோம். எஸ்ஏசிடியில் நொடிக்கு 28,22,400 தரம், ஒவ்வொரு தரமும் ஒன்று அல்லது பூஜ்யம், அவ்வளவே எழுதியிருக்கும். அதை நொடிக்கு 88,200 மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 பிட் என்று மாற்றினேன். காதுக்கு எட்டாத உயரத்தில் அந்த முறை ஒதுக்கித் தள்ளும் இரைச்சலை வடிகட்டினேன். 6 டெசிபல் கூட்டட்டுமா என்று மென்பொருள் கேட்டது. கூட்டு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார், கடிகாரங்கள் அலறின, அவர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. கோடு போட்ட தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் டிடிகே 60 கேசட்டில் பதிந்து தருவார்கள். ஒரு பாட்டின் சரணத்தில் இசைத்தட்டின் கீறல் ‘டிக்’கென்று விழும். அதையும் சேர்த்தே பாடிப் பழகினேன். பல வருஷம் கழித்து அதே பாட்டை சிடியில் கேட்டபோது அந்த இடத்தில் படியில் கால் தவறியது போலிருந்தது. சுத்தமான பாட்டில்தான் எனக்கு ஏதோ குறைந்தது. ஈயச் சொம்பு ரசத்தை எவர்சில்வரில் ஊற்றினாலும் அதே ரசம்தானே என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை.

ஆனால் எப்போதோ படித்தது ஒன்று குறுக்கே வருகிறது. ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ், நாற்புற ஒலியைச் செய்துகாட்டுவதற்காக, பழம்பொருள் கடையொன்றில் அந்தக் கடிகாரங்களைத் தனித்தனியாகப் பதிந்து வந்தாராம். அந்தக் கடையில் அவை சேர்ந்து அடிக்கவேயில்லை. சேர்ந்தது நாடாவில். அப்படியென்றால் மாமா இத்தனை நாள் திரும்பிப் பார்த்ததும் எங்கும் நடக்காத ஒன்றைத்தான். நான் எந்த அசலைத் தொலைத்துவிட்டதாகப் பதறுகிறேன்?

பின் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன். கடிகாரம் அடிக்கிறது. கோப்பில் ஆறு தடங்களும் பத்திரம். பழைய பிளேயரில் பின்பக்கத்துக்குத் தனி அளவு வைத்திருந்தேனோ? இருக்கலாம், குறித்து வைக்கவில்லை. கேட்டுக் கேட்டு மாமாவுக்குப் பழகிவிட்டதா? அதுவும் இருக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. வயதானால் காதில் முதலில் குறைவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். மணியோசையின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. “மாமா, கேட்டுதா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வடிகட்டியையும் டெசிபலையும் சந்தேகிப்பதுதான் எனக்குச் சௌகரியமாக இருக்கிறது.

இந்த ஞாயிறு வருகிறார். பின் ஸ்பீக்கரை இரண்டு டெசிபல் கூட்டி வைத்திருக்கிறேன்.